பழைய ஜீப்பின் பிரேக்கும் ஸ்டியரிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் அல்ல. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பழைய சிஜே 3பி வைத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து ஆண்டுகளாகப் பட்டறை பெஞ்சில் டீயும் கையுமாக உட்கார்ந்தவன். அதே பெஞ்சுக்கு வருகிறவர்கள் அதே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன்.

பழைய ஜீப் என்று இங்கே நான் சொல்வது வில்லிஸ் வழியில் மஹிந்திரா செய்த நான்கு சக்கர இயக்க வண்டிகளை: சிஜே 3பி, சிஜே 340, சிஜே 500, எம்எம் 540, கமாண்டர் போன்றவை. பாகங்கள் மாடலுக்கு மாடல் மாறும். ஒரே தண்டான ஆக்ஸில், பட்டை ஸ்பிரிங், டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுற்றும் வட்டச் சட்டியை 'ஷூ' என்ற இரண்டு வளைந்த கட்டைகள் உள்ளிருந்து விரிந்து பிடிப்பது) என்ற அடிப்படை எல்லாவற்றுக்கும் பொது.

பிரேக் பிடிக்கவே இல்லை. டிஸ்க் போட்டுவிடலாமா?

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் தட்டை இருபுறமும் நெருக்கிப் பிடிக்கும் பிரேக். போடலாம், ஆனால் இப்போது வேண்டாம். "பிடிக்கவில்லை" என்று வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் டிரம் முட்டை வடிவமாகியிருக்கும், அல்லது ஷூவில் ஆக்ஸிலுக்குள் இருக்கும் ஹவுசிங் ஆயில் ஊறியிருக்கும், அல்லது கடைசியாக எப்போது அட்ஜஸ்ட் செய்தார்கள் என்பது யாருக்கும் நினைவிருக்காது. அந்த நிலையில் முன்னால் டிஸ்க் மாட்டினால் முன்பக்கம் புதிதாகவும் பின்பக்கம் கெட்டதாகவும் ஒரு வண்டி கிடைக்கும்.

ஒன்று மட்டும் மனத்தில் இருக்கட்டும். இந்த வண்டிகள் மணிக்கு 50, 60 கிலோமீட்டர் ஓடுவதற்குச் செய்யப்பட்டவை. டீசல் எஞ்சினும் ஐந்து கியரும் மாட்டி 80 ஓட்டுகிறோம். 40இல் நிறுத்துவதைப்போல் நான்கு மடங்கு ஆற்றலை 80இல் பிரேக் விழுங்க வேண்டும். டிஸ்க் தேவைப்படுவது அந்த வேகத்துக்கு. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் ஓடும் வண்டிக்கு நன்றாக அமைந்த டிரம்மே போதும்.

டிரம்மை முதலில் பார் என்கிறீர்கள். அதில் பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. டிரம்மைக் கழற்றி லேத்காரரிடம் கொடுத்து உள்விட்டத்தை இரண்டு மூன்று இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். வட்டம் குலைந்திருந்தால் கடைந்து சரியாக்கலாம். ஆனால் பொதுவாக விட்டத்தில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் கடையக் கூடாது. மெலிந்த டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும், ஒரு நாள் விரிசலும் விடும். டிரம்மில் எல்லை அளவு பொறித்திருந்தால் அதுதான் கணக்கு.

கடைந்த டிரம்முக்குப் பழைய வளைவில் இருக்கும் ஷூ பொருந்தாது. எங்கள் பட்டறையில் ஒரு பெரியவர் டிரம்மின் உள்ளே பள்ளிக்கூடத்துச் சாக்கட்டியைத் தேய்ப்பார். டிரம்மை மாட்டி, பெடலை லேசாக மிதிக்கச் சொல்லி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றுவார். ஷூவில் வெள்ளை ஒட்டிய இடம்தான் உண்மையில் பிடிக்கிற இடம். இரண்டு முனைகளில் மட்டும் வெள்ளை இருந்தால் பிரேக் கத்தும், வெடுக்கென்று பிடிக்கும். நடுவில் தொடங்கி இருபுறமும் பரவியிருந்தால் அவர் ஒன்றும் பேசாமல் அடுத்த சக்கரத்துக்குப் போய்விடுவார். என் வண்டியில் முதன்முதலில் பார்த்தபோது ஒரு ஷூவில் கட்டைவிரல் அகலம்தான் வெள்ளை இருந்தது. அத்தனை நாளும் அந்தக் கட்டைவிரலை நம்பித்தான் மலை ஏறி இறங்கியிருக்கிறேன்.

இரண்டு ஷூக்களின் லைனிங் (உரசிப் பிடிக்கும் மேல்பட்டை) நீளம் வேறாக இருந்தால் எது முன்னே, எது பின்னே என்று கழற்றும்போதே குறித்துக்கொள்ளுங்கள். பழைய லைனிங் தூளில் கல்நார் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மாட்டிய பிறகு, சக்கரம் இறுகும்வரை அட்ஜஸ்டரைத் திருப்பி, சக்கரம் சுதந்திரமாகச் சுற்றும் அளவுக்கு மட்டும் பின்வாங்குங்கள்.

பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. எந்தப் பக்கம் கோளாறு?

பெரும்பாலும் இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். வலப்பக்கம் இழுத்தால் இடப்பக்கச் சக்கரம் பிடிக்கவில்லை என்று தொடங்குங்கள். ஆயில் சீல் கசிந்து ஷூ நனைந்திருப்பது முதல் சந்தேகம். நனைந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, தீயில் காட்டி மறுபடியும் மாட்டுவார்கள். இரண்டு நாளில் எண்ணெய் மீண்டும் வெளியே வரும். சீலையும் ஷூவையும் சேர்த்தே மாற்றுங்கள். ஷூவை இரு பக்கமும் ஒன்றாக மாற்ற வேண்டும்.

சீலில் குறை இல்லையென்றால் ரப்பர் ஹோசைப் பாருங்கள். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதிக்கும்போது ஆயில் போய்விடும், திரும்பி வராது. அந்தச் சக்கரம் மட்டும் சூடாகும். பத்து ஆண்டுப் பழைய ஹோஸ் என்றால் யோசிக்காமல் மாற்றிவிடுவது நல்லது.

எந்த பிரேக் ஆயில் ஊற்றுவது?

டாட் 3 அல்லது டாட் 4. புதிய டாட் 3இன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4க்கு 230. இரண்டும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறியபின் இந்த எல்லை 140க்கும் 155க்கும் இறங்கிவிடுகிறது. மலைச்சாலையில் அந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். டாட் 5 என்பது சிலிக்கான், மற்றவற்றோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 வேறு, அது டாட் 4இன் இனம்.

எஞ்சின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில், டீசல் எதுவும் இந்தப் பக்கம் வரக் கூடாது. நண்பர் ஒருவர் அவசரத்துக்கு "ஏதோ சிவப்பு ஆயில்" ஊற்றினார். மறுநாள் மாஸ்டர் சிலிண்டரின் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகம்) ரப்பர்கள் உப்பிப்போய் வெளியே எடுக்கவே முடியவில்லை. நான்கு வீல் சிலிண்டர் (சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் பாகம்), மூன்று ஹோஸ், ஒரு மாஸ்டர் சிலிண்டர் செலவு.

இரட்டை மாஸ்டர் சிலிண்டர் அவசியமா? அத்தனை வருடம் ஒற்றையில்தானே ஓடியது?

என்னைக் கேட்டால் டிஸ்க்குக்கும், கால் பலத்தைப் பெருக்கும் பூஸ்டருக்கும் முன்னால் போட வேண்டியது இதுதான். ஒற்றைச் சுற்றில் எங்கே ஒரு குழாய் உடைந்தாலும் நான்கு சக்கரமும் போச்சு. பின் ஆக்ஸிலின் மேல் ஓடும் குழாயில் ஒரு கல் பட்டால் போதும். இரட்டையில் முன்னும் பின்னும் தனித்தனி. ஒன்று போனால் பெடல் ஆழமாக இறங்கும், ஆனால் வண்டி நிற்கும்.

பழைய வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் பாதப்பலகைக்குக் கீழே, சேற்றிலும் தண்ணீரிலும் கிடக்கிறது. மூடியைத் திறக்கவே பலகையைத் தூக்க வேண்டும். அதனால்தான் ஆயில் குறைந்ததை யாரும் கவனிப்பதில்லை. தொங்கும் பெடல் அமைத்து எஞ்சின் பக்கச் சுவருக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். ஆனால் அந்தச் சுவர் மெல்லிய தகடு. பின்னால் கனமான தகடு கொடுக்காமல் மாட்டினால், மிதிக்கும்போது சுவரே முன்னும் பின்னும் அசையும். மிதித்த பலம் தகட்டை வளைப்பதில் போய்விடும்.

மாஸ்டர் சிலிண்டர் பெரியதாகப் போட்டால் பிரேக் கூடும் என்கிறார்களே?

தலைகீழ். பெடலின் நெம்பு 6க்கு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 30 கிலோ பலத்தில் மிதித்தால் பிஸ்டனில் 180 கிலோ விழுகிறது. 1 அங்குல விட்டப் பிஸ்டனின் பரப்பு சுமார் 5.07 சதுர சென்டிமீட்டர், எனவே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 35 கிலோ சொச்சம். அதையே 7/8 அங்குலமாக்கினால் பரப்பு 3.88, அழுத்தம் 46 கிலோ. ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல்.

இலவசமாக எதுவும் வருவதில்லை. பெடல் ஓட்டமும் அதே 30 சதவீதம் நீளும். டிரம் அட்ஜஸ்ட் தளர்ந்திருந்தால் பெடல் தரையைத் தொட்டுவிடும். பெரிய சிலிண்டர் போட்டவர்களுக்குப் பெடல் கல் மாதிரி கெட்டியாக இருப்பதால் பிரேக் கூடியதாகத் தோன்றுகிறது. வண்டி நிற்கும் தூரத்தை அளந்து பாருங்கள்.

டீசல் எஞ்சினுக்கு பூஸ்டர் வேலை செய்யாது என்றார்கள். உண்மையா?

பாதி உண்மை. பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டில் மூடும்போது மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகிறது, பூஸ்டர் அதைத்தான் குடிக்கிறது. பழைய டீசலில் காற்றை மறிக்கும் த்ராட்டில் இல்லை, வெற்றிடமும் இல்லை. எனவே தனி வாக்குவம் பம்ப் வேண்டும். ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே பம்ப் பொருத்தியது வருகிறது, நம் ஊர் டீசல் வண்டிகளில் அது பழக்கமான பாகம். பம்ப்புக்குப் போகும் எஞ்சின் ஆயில் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் சரியாக அமைக்க வேண்டும். திரும்பும் குழாய் மடங்கினால் பம்ப் ஆயிலில் மூழ்கிவிடும்.

பூஸ்டர் வேலை செய்கிறதா என்று அறிய எஞ்சினை நிறுத்திவிட்டு ஐந்தாறு முறை மிதியுங்கள். பெடலை அழுத்திப் பிடித்தபடியே எஞ்சினைக் கிளப்புங்கள். கால் தானாகச் சற்று இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் பம்ப், வால்வு, குழாய் என்று தேடுங்கள். இன்னொன்று: பூஸ்டர் உங்கள் கால் பலத்தைத்தான் பெருக்குகிறது. எண்ணெய் ஊறிய ஷூவுக்கு அதனால் ஒரு பலனும் இல்லை.

பூஸ்டர் மாட்டி ஐந்து கிலோமீட்டர் போனதும் பிரேக் தானாக இறுகி வண்டி நின்றுவிடுகிறது. ஆறினால் சரியாகிறது.

இது எனக்கே நடந்தது. உடுமலைச் சாலையில் மூன்று முறை நின்றேன். பட்டறையில் ஷூவைக் கழற்றினார்கள், சிலிண்டரைக் கழற்றினார்கள், என் பணத்தையும் கழற்றினார்கள். காரணம் பூஸ்டருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் இருந்த தள்ளுகம்பி. அது ஒரு மில்லிமீட்டர் நீளம் கூடினாலும் பிஸ்டன் முழுவதும் பின்னுக்கு வராது, ஆயில் கலத்துக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். சூட்டில் விரிந்த ஆயிலுக்குப் போக வழியில்லாமல் ஷூவைத் தள்ளுகிறது.

கண்டுபிடிக்கும் வழி சுலபம். இறுகி நிற்கும்போது பூஸ்டரோடு மாஸ்டர் சிலிண்டரைப் பிடிக்கும் இரண்டு நட்டுகளைச் சில சுற்றுத் தளர்த்துங்கள். உடனே சக்கரம் விட்டால் கம்பிதான் நீளம். அப்படியும் விடாமல் குழாய் நட்டைத் தளர்த்தியதும் விட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளே கோளாறு. பூஸ்டர் இல்லாத வண்டியிலும் பெடலில் அரை அங்குலம் வெற்று ஓட்டம் இருக்க வேண்டும். காரணம் அதே துளைதான்.

சரி, டிஸ்க் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். எதைக் கவனிக்க வேண்டும்?

முன்னால் மட்டும் போடுங்கள். பின்பக்கத்தைப் பற்றி அடுத்த கேள்விகளில் சொல்கிறேன். டிஸ்க்கைப் பேட் கட்டைகளால் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்தான் இதில் உயிர்ப் பாகம். நிறுத்தும் விசை முழுவதும் அதன் வழியாகத்தான் ஆக்ஸிலுக்குப் போகிறது. கைக்குக் கிடைத்த தகட்டை கேஸ் கட்டிங்கில் வெட்டி வெல்டு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கனமான தகட்டில் அளவெடுத்து வெட்டி, துளைகள் லேத்தில் போட்டு, போல்ட்டால் பிடிப்பதாக இருக்கட்டும். டிஸ்க்கை மாட்டிய பிறகு டயல் கேஜ் வைத்து ஆட்டம் பாருங்கள். பிறகு உங்கள் ரிம்மை மாட்டி, காலிப்பரில் உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். பல ரிம்கள் இங்கேதான் தோற்கும்.

மாஸ்டர் சிலிண்டர் பழையதே இருந்தால் இரண்டு சிக்கல். டிரம்முக்கான மாஸ்டரில் குழாயில் சிறிது அழுத்தம் மிச்சம் வைக்கும் வால்வு இருக்கலாம். டிரம்முக்கு 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அளவில் இருப்பது நல்லது. அது டிஸ்க்குக்குப் போனால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும், எனவே டிஸ்க் சுற்றிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதே நேரம் மாஸ்டர் காலிப்பரைவிடத் தாழ்வாகப் பலகைக்குக் கீழேயே இருந்தால், ஆயில் பின்னோக்கி வடியாமல் இருக்க 2 பிஎஸ்ஐ வால்வு ஒன்று வேண்டும். இரண்டாவது, காலிப்பர் பிஸ்டன் பெரியது, அதிக ஆயில் கேட்கும். முன்பு சொன்ன விட்டக் கணக்கை இங்கே மறுபடி போடுங்கள்.

வில்லிஸ் காலத்து வண்டிகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடப்புரி. ஹப்பை மாற்றும்போது புரியும் மாறலாம். எந்தப் பக்கம் எந்தப் புரி என்று பெயின்டால் குறித்து வையுங்கள். நடுவழியில் பஞ்சர் போடுகிற பையன் ஐந்து ஸ்டட்டையும் முறித்துவிட்டு நம்மையே பார்ப்பான்.

டிஸ்க் போட்டும் பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது. நான்கு முறை ஏர் எடுத்தாகிவிட்டது.

காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பாருங்கள். இடது காலிப்பரை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாட்டினால் நிப்பிள் கீழே வந்துவிடும். பிரேக் பிடிக்கும், பார்க்கவும் சரியாக இருக்கும், காற்று மட்டும் மேலே குமிழாகத் தங்கிவிடும். ஒரு நண்பரின் வண்டிக்கு இரண்டு லிட்டர் ஆயில் வீணாக்கிய பிறகுதான் எங்கள் கண்ணில் பட்டது. மாட்டும் இடம் அப்படித்தான் என்றால், ஏர் எடுக்கும்போது மட்டும் காலிப்பரைக் கழற்றி, பேட்டுகளுக்கு நடுவில் மரத்துண்டு வைத்து, நிப்பிள் மேலே வரும்படி பிடித்துக்கொள்ளுங்கள்.

நிப்பிள் மேலேதான் இருக்கிறது என்றால் பின் டிரம் அட்ஜஸ்ட்டையும், மாஸ்டர் மாட்டிய சுவர் அசைகிறதா என்பதையும் பாருங்கள்.

பின்னாலும் டிஸ்க் போட்டால் இன்னும் நல்லதுதானே?

நான் போடமாட்டேன். சிஜே 3பியின் சக்கர இடைவெளி 80 அங்குலம்தான், பின்பக்கம் கனமே இல்லை. பிரேக் அடிக்கும்போது எடை முன்னுக்குப் போகும், பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் ஈரச் சாலையில் வண்டி பம்பரம். முன் டிஸ்க், பின் டிரம் என்றாலும் பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று தேவைப்படலாம். ஆளில்லாத மைதானத்தில் மெதுவான வேகத்தில் தொடங்கிப் பாருங்கள். முன் சக்கரம்தான் முதலில் பூட்ட வேண்டும்.

பின் சக்கரத்தில் கைபிரேக் உள்ள மாடல் என்றால், டிஸ்க் போட்டதும் கைபிரேக் போய்விடும். கைபிரேக் இல்லாத ஜீப்பை மலையில் நிறுத்திப் பாருங்கள், தெரியும்.

கைபிரேக் போட்டுத்தான் ஜாக்கி வைத்தேன். வண்டி உருண்டுவிட்டது. எப்படி?

உங்கள் கைபிரேக் சக்கரத்தில் இல்லை. வில்லிஸ் வழி வண்டிகளில் அது டிரான்ஸ்ஃபர் கேசின் (பலத்தை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) பின்னால், பின் சக்கரத்துக்குப் போகும் தண்டின் மேல் இருக்கிறது. அது தண்டை மட்டும் பிடிக்கும். ஒரு பின் சக்கரம் தரையை விட்டு எழுந்தால், டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கரத் தொகுதி) அந்தச் சக்கரத்தை ஒரு பக்கமும் தரையில் உள்ளதை மறு பக்கமும் சுற்ற விட்டுவிடும். ஜாக்கி வைக்கும் முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கல் கொடுங்கள். முன் ஹப்பை லாக் செய்து (சக்கரத்தைத் தண்டோடு பூட்டி) நான்கு சக்கர இயக்கத்தையும் போட்டுவையுங்கள். இந்தக் கைபிரேக்கை ஓட்டத்தில் இழுக்கவும் கூடாது, தண்டின் குறுக்கு மூட்டுகள் முறியும்.

31 அங்குல டயர் போட்டிருக்கிறேன். பிரேக் குறைந்த மாதிரி இருக்கிறதே?

மாதிரி இல்லை, குறைந்துதான் இருக்கிறது. 6.00-16 டயரின் உயரம் சுமார் 28 அங்குலம். அதே பிரேக் 31 அங்குலச் சக்கரத்தைப் பிடிக்கும்போது சாலையில் கிடைக்கும் விசை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது. டயரின் கனம் வேறு. ஸ்டியரிங் மூட்டுகளுக்கும் இதே கதைதான். டயர் வாங்கிய பிறகு பிரேக்குக்குப் பணம் இல்லை என்று சொல்பவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

ஸ்டியரிங் கால் சுற்று சும்மா சுற்றுகிறது. பாக்ஸ் மாற்றிவிடவா?

பாக்ஸின் (ஸ்டியரிங் சுற்றைச் சக்கரத் திருப்பமாக்கும் கியர்ப் பெட்டி) மேல் பழி போடும் முன் ஓர் ஆளை ஸ்டியரிங்கை இடவலமாக அசைக்கச் சொல்லிவிட்டுக் கீழே படுங்கள். ஒவ்வொரு மூட்டின் மேலும் கையை வையுங்கள். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கும் இடத்தில்தான் ஆட்டம். ஸ்டியரிங் தண்டு, பாக்ஸ், பாக்ஸிலிருந்து வெளியே நீளும் பிட்மேன் ஆர்ம், அதன் அசைவைக் கடத்தும் டிராக் லிங்க், இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் எண்ட் என்று வரிசையாகப் பாருங்கள். முன் குறுக்குச் சட்டத்தில் பெல்கிராங்க் (இழுப்பின் திசையை மாற்றும் நெம்பு) உள்ள வண்டி என்றால் அதன் பின்னைத் தவறவிடாதீர்கள். வயதான வண்டிகளில் ஆட்டத்தில் பாதி அங்கேதான் ஒளிந்திருக்கும். பாக்ஸ் சட்டத்தில் மாட்டிய இடமே அசைவதும் உண்டு.

ராஸ் வகை பாக்ஸ் (திருகுத் தண்டின் பள்ளத்தில் நெம்புகோலின் கொண்டைகள் ஓடும் பழைய வகை) என்றால் பக்கமூடித் திருகால் ஆட்டத்தைக் குறைக்கலாம். சக்கரம் நேராக இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். நடுப்பகுதிதான் மிக நெருக்கமானது. திருப்பிய நிலையில் இறுக்கினால் நடுவுக்கு வரும்போது கெட்டியாகி, தானாகத் திரும்பி வராத ஸ்டியரிங் ஆகிவிடும். உள்ளே நெம்புகோலின் கொண்டைகள் தட்டையாகத் தேய்ந்திருந்தால் திருகு உதவாது. கசிகிறது என்று பாக்ஸில் கிரீஸ் திணிப்பதும் தவறு. கிரீஸ் ஒதுங்கிய இடத்தில் ஒதுங்கியே இருக்கும், தேய்கிற இடத்துக்குத் திரும்பி வராது. சீலை மாற்றி கியர் ஆயில் ஊற்றுங்கள்.

ஐம்பது தாண்டி ஒரு பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் பேயாட்டம் ஆடுகிறது. நிறுத்தினால்தான் அடங்குகிறது. டேம்பர் போட்டால் போதுமா?

ஸ்டியரிங்கின் அதிர்வை உறிஞ்சும் டேம்பர் காய்ச்சலுக்கு ஈரத்துணி. ஒற்றைத் தண்டு ஆக்ஸிலில் ஏதோ ஒரு மூட்டில் ஆட்டம் இருந்தால் இரண்டு முன் சக்கரங்களும் ஒன்றையொன்று உதைத்துக்கொள்ளத் தொடங்கும். டேம்பர் போட்டால் ஆறு மாதம் தூங்கும், பிறகு இன்னும் மோசமாக எழும்.

முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசையுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் கிங் பின் (சக்கரம் இடவலமாகத் திரும்பும் முளை). கிங் பின் பேரிங்கின் இறுக்கத்தை ஷிம் தகடுகளால்தான் அமைக்க வேண்டும். டை ராடைக் கழற்றிவிட்டு, ஆர்மின் முனையில் ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்தால் எவ்வளவு பலத்தில் திரும்புகிறது என்பது தெரியும். ஒரு விரலால் தள்ளினால் ஓடுகிறது என்றால் ஷிம் எடுக்க வேண்டும்.

மூட்டுகள் சரி என்றால் கோணங்கள். சிஜே வண்டிகளுக்கு கேஸ்டர் (கிங் பின்னின் பின்சாய்வு) 3 டிகிரி, சக்கரங்களின் முன்முனை உள்வாங்கல் 2 மில்லிமீட்டர் அளவு. பட்டையை உயர்த்தியவர்களும் நீள ஷேக்கில் (பட்டையைச் சட்டத்தோடு இணைக்கும் தொங்கல்) போட்டவர்களும் கேஸ்டரை அறியாமலே இழந்திருப்பார்கள். ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்புத் தகடு வைத்து மீட்கலாம். அப்போது டிஃபரன்ஷியலின் மூக்கும் சாயும், முன் தண்டின் கோணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீல் பேலன்சும் பட்டை புஷ்ஷும் இந்தப் பட்டியலில் உண்டு, விலை மலிவு என்பதால் முதலில் அவற்றையே செய்யலாம்.

பவர் ஸ்டியரிங் போடலாமா?

மேலே சொன்ன இரண்டு பதில்களையும் முடித்த பிறகு தாராளமாக. தேய்ந்த மூட்டுகளோடு போட்டால் ஆட்டம் கைக்குத் தெரியாமல் மறைந்துவிடும், அதுதான் ஆபத்து. ஒற்றைத் தண்டு ஆக்ஸிலுக்குப் பெட்டி வகைதான் பொருந்தும். ராக் பினியன் வகை தனித்தனியாக ஏறி இறங்கும் முன் சக்கரங்களுக்கானது.

பாக்ஸை வாங்கும்போது அது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கேளுங்கள். ஒருமுறை பிட்மேன் ஆர்ம் முன்னோக்கி இருந்த வண்டியின் பாக்ஸை, இடம் இல்லை என்று பின்னோக்கி மாட்டினார்கள். இரண்டு நாள் வேலை. பெல்ட் மாட்டி, ஆயில் ஊற்றி, எஞ்சினைக் கிளப்பி வலப்பக்கம் திருப்பினால் சக்கரம் இடப்பக்கம் போகிறது. பட்டறை முழுவதும் ஒரு நிமிடம் அமைதி.

பவர் பாக்ஸ் சட்டத்தை இழுக்கும் பலம் பழைய பாக்ஸைவிட மிக அதிகம். ஜீப்பின் சட்டத்தில் வெறுமனே துளை போட்டு போல்ட் இறுக்கினால் சில மாதங்களில் துளையைச் சுற்றி விரிசல் விழும். வெளியே கனத் தகடு, உள்ளே போல்ட் போகும் குழாய்த் துண்டுகள், அப்புறம் போல்ட். முழுத் திருப்பத்தில் சக்கரம் நிற்க வேண்டியது நக்கிளில் (சக்கரத்தோடு திரும்பும் மூட்டு) உள்ள ஸ்டாப் போல்ட்டில். பாக்ஸின் எல்லையில் நின்றால் பம்ப் முனகும், ஆயில் கொதிக்கும்.

சின்னக் காரின் மின் ஸ்டியரிங் மாட்டினால் பம்ப், பெல்ட் தொல்லை இல்லையாமே?

இல்லைதான். ஆனால் வேகத் தகவல் கிடைக்காத மின் ஸ்டியரிங் பலவும் எல்லா வேகத்திலும் ஒரே அளவு உதவும். நிறுத்தும்போது சுகம், 70இல் காற்றில் ஓட்டுவது போல் இருக்கும். திருப்பும் கணத்தில் கரண்டும் நிறைய இழுக்கும், பழைய ஆல்டர்னேட்டரில் ஹெட்லைட் மங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மோட்டாரின் பலம் முழுவதும் உங்கள் பழைய பாக்ஸின் வழியாகத்தான் போகிறது. தட்டையான கொண்டைகளோடு அதை மாட்டாதீர்கள்.

டை ராட் நீளம் போதவில்லை. வெல்டு வைத்து நீட்டலாமா?

கூடாது. பிட்மேன் ஆர்மைச் சூடாக்கி வளைக்கவும் கூடாது. கனமான குழாயில் லேத்தில் புரி போட்டுப் புதிதாகச் செய்யும் செலவு ஒரு டயர் விலைகூட வராது.

ஆர்டிஓவில் பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்சி விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. எஞ்சின், சேசிஸ், உடல் அமைப்பு என்று போகும்போது இது நேரடியாகப் பாயும். பிரேக், ஸ்டியரிங் வேலைக்கு உங்கள் ஆர்டிஓவிடமும் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தனியார் வண்டிக்குப் 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது ஆய்வு உண்டு. பாகங்களின் பில்கள் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

மலை இறங்கும்போது பிரேக்கே காணாமல் போனது. டிஸ்க் இருந்திருந்தால் போயிருக்காதா?

தாமதமாகப் போயிருக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆரம்ப காலத்தில் நான் பெடலில் கால் வைத்தபடியே இறங்கினேன். அணையைப் பார்க்க ஒன்பதாவது வளைவில் நின்றிருந்த கூட்டம் என் முன் சக்கரத்திலிருந்து வந்த புகையைப் பார்த்தது. டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது, லைனிங்கின் பிடிமானம் குறைகிறது, ஆயிலில் ஈரம் இருந்தால் அது ஆவியாகிப் பெடல் தரைக்குப் போகிறது. டிஸ்க்குக்கு முதல் தொல்லை இல்லை, காற்றிலும் சீக்கிரம் ஆறும். மற்ற இரண்டும் டிஸ்க்குக்கும் உண்டு.

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். எஞ்சின் முனகினால் முனகட்டும். பிரேக்கை அழுத்தமாக மிதித்து வேகம் குறைத்துவிட்டு, முழுவதும் விடுங்கள். லேசாகத் தொட்டுக்கொண்டே வருவதுதான் எரிக்கிறது. தார்ச்சாலையில் முன் ஹப்பை லாக் செய்து நான்கு சக்கர இயக்கத்தில் இறங்க வேண்டாம், வளைவுகளில் தண்டுகள் முறுக்கிக்கொள்ளும்.

பணம் கொஞ்சம்தான் இருக்கிறது. எந்த வரிசையில் செய்வது?

ஹோஸ், வீல் சிலிண்டர், சீல், ஷூ, டிரம். அடுத்து டை ராட் எண்டுகளும் கிங் பின்னும். மூன்றாவதாக இரட்டை மாஸ்டர். இதுவரை வந்தவர்களில் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள், வண்டி போதும் என்று தோன்றிவிடுகிறது. மேலும் வேண்டுமென்றால் பூஸ்டர், அதன்பின் முன் டிஸ்க், கடைசியாக பவர் ஸ்டியரிங். வீட்டில் அம்மாவோ மனைவியோ ஓட்டுகிற வண்டி என்றால் பவர் ஸ்டியரிங்கை டிஸ்க்குக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம்.

கழற்றிய பழைய பாகங்களை எடைக்குப் போட்டுவிடலாமா?

டை ராட் எண்ட், ஷூ, ஹோஸ் போடலாம். ஸ்டியரிங் பாக்ஸ், பிட்மேன் ஆர்ம், ஹப், பேக் பிளேட் ஆகியவற்றை வைத்திருங்கள். மாற்றிய பாகம் பொருந்தாமல் பழையதற்கே திரும்பியவர்கள் இருக்கிறார்கள், பழைய நிலையிலேயே வண்டி வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். என் ராஸ் பாக்ஸ் கிரீஸ் தடவிய சாக்கில் பரண்மேல் கிடக்கிறது. இதுவரை இரண்டு வண்டிகளுக்கு இரவல் போய் வந்துவிட்டது.